வைக்கோல் போரில் கடித்த பாம்பு சாத்தானா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து 35 வயதுத் தாயொருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. சைவக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வருடத்துக்கு முன் கணவனோடு சேர்ந்து ஊரிலுள்ள சபை ஒன்றில் ஞானஸ்நானம் பெற்றார். அவருடைய தாயார் சைவமாகவே இருக்கிறார்; அதே வளவில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். வளவின் பின்கோடியில் உள்ள புற்றுக்கு வெள்ளிக்கிழமைகளில் பால் வைத்து விளக்கேற்றுவதும், புளியங்குளம் புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்குப் போவதும் தாயாரின் வழக்கம்.

கடந்த மாசியில், காலபோக அறுவடை முடிந்த கையோடு, 9 வயது மகனை மாலைக் கருக்கலில் வைக்கோல் போரடியில் பாம்பு கடித்தது. வைத்தியசாலையில் இரத்தம் உறையவில்லை என்று கண்டு உடனே மருந்தேற்றினார்கள். ஆறு நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். கடித்தது புடையன் (கண்ணாடி விரியன்) என்று வைத்தியர் சொன்னார். பிறகு சபை ஊழியர் ஒருவர் வீடு தேடி வந்து, “பாம்பு என்றால் சாத்தான். கிழவி புற்றுக்கு வைத்த பாலால்தான் அதற்கு வாசல் திறந்தது. புற்றை இடியுங்கள். விசுவாசம் சரியாக இருந்தால் அடுத்த முறை ஆஸ்பத்திரியே தேவைப்படாது” என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாயார் அடுத்த நாளே கிளிநொச்சியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பையனோ இரவில் அலறி எழும்புகிறான், பாயை நனைக்கிறான். “சாத்தான் என்னை ஏன் கடிச்சது? நான் என்ன பாவம் செய்தனான்?” என்று கேட்கிறான். பாம்பு சாத்தான் என்று வேதம் சொல்கிறதுதானே, புற்றை இடிப்பதா, அம்மாவைக் கூப்பிடுவதா, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று இந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

அன்பான சகோதரி,

மற்றக் கேள்விகள் ஒரு கிழமை பொறுக்கும். மகனின் கேள்வி இன்றிரவு வரைக்கும்தான் பொறுக்கும். அதனால் அவனுக்கான பதிலை முதலில் தருகிறேன். அவனுக்கு விளங்கும் பேச்சிலேயே சொல்லுங்கள்: “உன்னைக் கடிச்சது சாத்தான் இல்லை ராசா, ஒரு புடையன் பாம்பு. வைக்கலுக்கை எலி பிடிக்க வந்து படுத்திருந்தது. நீ கிட்டப் போனதும் அது பயந்து கடிச்சிட்டுது. நீ ஒரு பிழையும் செய்யேல்லை. அம்மம்மாவும் செய்யேல்லை.” கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். அம்மம்மா வீட்டை விட்டுப் போனதற்குத் தானே காரணம் என்று 9 வயதுப் பிள்ளை நினைத்திருக்க நிறைய வாய்ப்பிருக்கிறது.

இது பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சொல்லும் பொய்யல்ல, வேதத்துக்கு முரணானதுமல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றுதான் இயேசு பதில் சொன்னார் (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொன்னதும் இருக்கிறது (லூக்கா 13:4-5).

வேதத்தில் பாம்பு எத்தனை விதமாக வருகிறது

“பாம்பு சாத்தான்தானே” என்ற உங்கள் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் 12:9 பிசாசைப் “பழைய பாம்பு” என்றும் பெரிய வலுசர்ப்பம் என்றும் சொல்கிறது. 20:2லும் அதே பெயர் வருகிறது. ஆனால் அது முதலாம் நூற்றாண்டின் கடைசியில், உபத்திரவத்தில் இருந்த சபைகளுக்காகத் தரிசன மொழியில் எழுதப்பட்ட புத்தகம். ஏழு தலை, பத்துக் கொம்பு உள்ள அந்த வலுசர்ப்பத்தை எங்கள் வயல் வரம்பில் யாரும் காணப்போவதில்லை. அது ஒரு அடையாளம்.

இனி ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து மெதுவாக வாசியுங்கள். சாத்தான் என்ற பெயர் அந்த அதிகாரத்தில் இல்லை, ஆதியாகமம் முழுவதிலுமே இல்லை. தேவன் உண்டாக்கின காட்டு உயிர்களில் தந்திரமான ஒன்று என்றுதான் பாம்பு அறிமுகமாகிறது. ஊரும் பிராணிகளையும் உண்டாக்கி, நல்லதென்று கண்டார் என்று முதலாம் அதிகாரமே சொல்லிவிட்டது. ஏதேன் பாம்பையும் பிசாசையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழக்கம் பிற்காலத்தில் வளர்ந்தது. கத்தோலிக்கர் வாசிக்கும் ஞான நூல் 2:24, பிசாசின் பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்கிறது. அங்கிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் ஒரு கோடு போகிறது. திருச்சபை அந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டது. நானும் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த அதிகாரத்தில் பாம்பு என்ன செய்தது என்று பாருங்கள். அது யாரையும் கடிக்கவில்லை. பேசியது. தேவன் உங்களுக்கு நல்லதை ஒளிக்கிறார் என்ற சந்தேகத்தை ஒரு கேள்வியாக வைத்தது, சாகமாட்டீர்கள் என்று பொய்யும் சொன்னது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள். ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் பழி போடத் தொடங்கினார்கள். வெளிப்படுத்தின விசேஷத்திலும் “பழைய பாம்பு” என்ற வசனத்துக்கு அடுத்த வசனம், 12:10, அவனை இரவும் பகலும் சகோதரர்மேல் குற்றம் சுமத்துகிறவன் என்கிறது. பாம்பு என்ற அடையாளத்தால் வேதம் காட்டும் தீமை இதுதான்: பொய், சந்தேகம், பழி. மாசி மாதத்துக்குப் பிறகு உங்கள் வீட்டில் ஒரு முதியவர்மேலும் ஒரு சிறுவன்மேலும் பழி விழுந்திருக்கிறது. தீமை உள்ளே வந்த இடத்தைத் தேடுவதென்றால், வைக்கோல் போரையும் புற்றையும் விட்டு அந்தப் பேச்சிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

அதே வேதத்தில் பாம்பு வேறு முகங்களோடும் வருகிறது. மோசேயின் கோல் பாம்பானபோது அது தேவனுடைய அடையாளம். பார்வோன் தன் முடியின் நெற்றியிலேயே நாகத்தை வைத்திருந்த எகிப்தில், ஆரோனின் கோல் மந்திரவாதிகளின் கோல்களை விழுங்கியது. எண்ணாகமம் 21இல் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் சனங்களைக் கடித்தபோது, வெண்கலத்தால் ஒரு பாம்பைச் செய்து கம்பத்தில் உயர்த்தும்படி கட்டளை வந்தது. அதை நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். சிலுவையில் தான் உயர்த்தப்படுவதற்கு ஒப்பாக இயேசு எடுத்ததும் அந்தப் பாம்பைத்தான் (யோவான் 3:14). பாம்பு என்றாலே சாத்தான் என்றால் அந்த ஒப்புமையை அவர் எடுத்திருப்பாரா? சீடர்களை அனுப்பும்போது சர்ப்பங்களைப்போல விவேகமாயிருங்கள் என்று சொல்லியிருப்பாரா (மத்தேயு 10:16)? பரிசேயரை விரியன் பாம்புக் குட்டிகளே என்று திட்டியவரும் அவர்தான். எந்த இடத்தில், யாருக்கு, எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி எடுத்தால் இந்த இழுபறி வரத்தான் செய்யும்.

“விசுவாசம் இருந்தால் ஆஸ்பத்திரி வேண்டாம்”

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயப்படுத்திய வரி இது. ஊழியர் மாற்கு 16:18ஐச் சொல்லியிருப்பார்: “சர்ப்பங்களை எடுப்பார்கள்”. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரண்டு கையெழுத்துச் சுவடிகளான சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் மாற்கு நற்செய்தி 16:8ஓடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னுள்ள பகுதியைத் திருச்சபை வேதமாக ஏற்றிருப்பதால் நாங்களும் ஏற்கிறோம். ஏற்றாலும் அது பாம்புக்கடிக்கு மருந்தெடுக்காதே என்ற கட்டளை ஆகாது. மெலித்தா தீவில் பவுலின் கையில் விரியன் கவ்வியது அவர் விறகு பொறுக்கி நெருப்பில் போட்டபோது (அப்போஸ்தலர் 28:3). அவர் அதைத் தேடிப் போகவில்லை. இவன் கொலைகாரன், அதனால்தான் பாம்பு கடித்தது என்று அங்கே நின்ற சனம் சொன்னதையும், அது பிழையாய்ப் போனதையும் கவனியுங்கள். அதே பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொன்னார், துரோப்பீமுவை நோயோடு மிலேத்துவில் விட்டுவந்தார், வைத்தியரான லூக்காவைப் பிரியமானவன் என்று எழுதினார். இவர்களில் யாருக்கும் விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அமெரிக்க மலைப்பகுதிச் சபைகளில் அந்த வசனத்தைச் சொல்லிப் பாம்பைக் கையில் எடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் ஜோர்ஜ் வென்ற் ஹென்ஸ்லி. 1955இல் ஆராதனையில் கையிலெடுத்த பாம்பே கடித்து, வைத்தியத்தை மறுத்து அவர் செத்துப்போனார். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று இயேசு பிசாசுக்குச் சொன்ன பதில் (மத்தேயு 4:7) இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்.

எங்கள் வன்னியிலேயே மடு மாதா கோவில் மண்ணைப் பாம்பு அண்டாமல் காக்கும் என்று எடுத்துவந்து வைத்திருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த மண்ணும் கடிவாயில் படக்கூடாது. புண் பழுக்கும், ஏர்ப்பு (ரெற்றனஸ்) வரும். ஜெபத்தையும் நேர்த்தியையும் வைத்தியசாலைக்குப் போகிற வழியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இனி யாரையாவது பாம்பு கடித்தால் செய்யவேண்டியது:

கடிபட்டவரை உடனே இருத்தி, பேசித் தைரியம் சொல்லுங்கள். ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் விரைவாகப் பரவும். மோதிரம், காப்பு, கொலுசு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ தடியொன்றோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல், பச்சிலை எதுவும் வேண்டாம். புடையன் கடியில் இரத்தம் உறையாது. கீறினால் அந்த வெட்டால் இரத்தம் நிற்காமல் போகும். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தாமதமாகுமென்றால் கிடைக்கிற வாகனத்தில் கிளம்புங்கள். கடித்த நேரத்தைக் குறித்துவையுங்கள். பாம்பை அடிக்கப் போய் இன்னொருவர் கடிபட வேண்டாம். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். வலி இல்லையே என்று காலைவரை காத்திருப்பதுதான் உயிரைக் குடிக்கிற பிழை. கட்டுவிரியன் இரவில் நித்திரையில் கிடப்பவரைக் கடிக்கும், கடித்த இடமே தெரியாது. வயிற்றுநோ வரும், கண்ணிமை சரியும், பிறகு மூச்சு நிற்கும்.

உங்கள் மகனுக்குச் செய்த சோதனை இதுதான்: கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். தண்ணியாக ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிப்பு மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை என்ற நான்குக்கும் எதிரானது. அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் தருகிறார்கள். அந்தக் குழாயும் அந்த மருந்தும் அன்று தேவனுடைய கையிலிருந்து வந்தவை என்று நன்றி சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

புற்றை இடிக்க வேண்டாம்

முதலாவது, நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயம்: கடித்தது புடையன். அம்மா பால் வைத்தது புற்று நாகத்துக்கு. கடித்த இடம் வைக்கோல் போர். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. அறுவடை முடிந்ததும் நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் புடையன் வரும். இது ஒவ்வொரு மாசியிலும் சைவ வீடு, கிறிஸ்தவ வீடு, புத்த வீடு பார்க்காமல் நடக்கிறது.

இரண்டாவது, பாம்பு குடியிருக்கும் புற்றை மண்வெட்டியால் கொத்துவது மிக ஆபத்து. உள்ளே இருப்பது தப்பி ஓடினால் கிட்ட இருக்கிற விறகு அட்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோதான் நுழையும்.

மூன்றாவது, எசேக்கியா ராஜா வெண்கலப் பாம்பை உடைத்ததை (2 இராஜாக்கள் 18:4) உங்களுக்குக் காட்டுவார்கள். எசேக்கியா உடைத்தது தன் சனங்களின் கையில் இருந்த, அவர்களே தூபம் காட்டத் தொடங்கிய, தன் வேதத்துக்கே சொந்தமான ஒரு பொருளை. அயல் சனத்தின் கோவிலுக்குள் அவன் போகவில்லை. அந்தப் புற்று உங்கள் அம்மாவின் வழிபாடு. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை நீங்கள் சபைக்குப் போவதற்குத் தரும் அதே சுதந்திரத்தைத்தான் அவருக்கும் தருகிறது. ஒரு சாராரின் மதத்தை அவமதிக்கும் நோக்கோடு அவர்கள் புனிதமாகக் கருதும் பொருளைச் சேதப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 290ஆம் பிரிவின்படி குற்றம். காணி அனுமதிப்பத்திரம் அம்மாவின் பெயரில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் உங்கள் வீட்டில் இருக்கவில்லை. நீங்கள்தான் அவர் வளவில் இருக்கிறீர்கள்.

புற்றை விட்டுவிட்டு இவற்றைச் செய்யுங்கள். வைக்கோல் போரையும் விறகு அட்டியையும் வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். நெல் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் ஒரு அடி உயரப் பலகைத்தட்டில், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். கோழித்தீவனத்தை இரவில் மூடி வையுங்கள். கதவின் கீழ் இடைவெளியைச் சாக்குச் சுருளால் அடையுங்கள். பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வையுங்கள். இல்லையென்றால் நுளம்பு வலையைப் பாய்க்கடியில் சுற்றிச் செருகுங்கள். கருக்கலுக்குப் பிறகு ரோச் லைற்றும் செருப்பும் இல்லாமல் யாரும் முற்றத்தில் இறங்கக்கூடாது. அம்மா திரும்பி வந்தால், பாலை வைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கையோடு எடுத்துக் கழுவச் சொல்லுங்கள். மிச்சம் கிடந்தால் எலி வரும். இதை அவர் சந்தோசமாகக் கேட்பார்.

அம்மாவைக் கூட்டி வருவது

கூட்டி வாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7:10-13இல் பாருங்கள். போனில் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கணவனோடு நேரில் போங்கள். “ஊழியர் சொன்னதை நாங்கள் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது பிழை, அம்மா” என்று சொன்னால் போதும். மதத்தைப் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.

நாகதம்பிரான் பொங்கலுக்கு அவரோடு போகலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். மூன்று வழி இருக்கிறது. போகாமல் வீட்டில் நின்று, அவர் போய்வர வாகனம் ஒழுங்கு செய்து கொடுக்கலாம். கூடவே போய், பானையைத் தூக்கி, கைபிடித்து நடத்தி, வழிபாட்டில் மட்டும் கலக்காமல் நிற்கலாம். அல்லது எல்லாவற்றிலும் கலக்கலாம். உங்கள் விசுவாசத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவது உங்கள் மனதை உறுத்தும், வேண்டாம். இரண்டாவதற்கு வேதத்திலேயே முன்மாதிரி உண்டு. சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் எசமான் தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலுக்குள் போகும்போது தானும் குனியவேண்டி வருமே என்று கேட்டான். எலிசா சொன்ன பதில், சமாதானத்தோடே போ என்பதுதான் (2 இராஜாக்கள் 5:18-19). வயதான தாய்க்குச் சாய ஒரு தோள் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றமாகாது. சபையில் கேள்வி வரும். அதைத் தாங்க இப்போது மனதில் வலு இல்லையென்றால் முதலாவது வழியே போதும்.

ஊழியரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அவர் திரும்ப வந்தால், பிள்ளைக்கு முன்னால் சாத்தான், பாம்பு என்ற பேச்சை எடுக்கக்கூடாது என்று முற்றத்தில் வைத்தே கணவன் சொல்லட்டும். பையன்மேல் கைவைத்துப் பிசாசு விரட்டும் ஜெபமோ, அவனுக்கு உபவாசமோ வேண்டவே வேண்டாம். தனக்குள் ஏதோ கெட்டது இருக்கிறது என்ற பயத்தை அது உறுதிப்படுத்திவிடும். கேட்க மாட்டேன் என்றால் சபையின் தலைமைப் போதகரோடு பேசுங்கள்.

மகனின் இரவுகள்

பாய் நனைவதற்குத் திட்டாதீர்கள், மற்றப் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். படுக்கப் போகுமுன் ரோச் லைற்றோடு அவனையும் கூட்டிக்கொண்டு அறையை ஒருமுறை பாருங்கள், கட்டிலுக்குக் கீழும் சேர்த்து. ஒருமுறைதான். திரும்பத் திரும்பப் பார்த்தால் பயம் குறையாது, கூடும். பகலில் அவன் அந்தக் கதையைச் சொல்ல விரும்பினால் எத்தனை தடவை என்றாலும் கேளுங்கள், படமாகக் கீற விரும்பினால் கொப்பியும் கலரும் கொடுங்கள். கதை வைத்தியசாலையில் முடியாமல், வீட்டுக்கு வந்ததோடு முடியட்டும். வைக்கோல் போர்ப் பக்கம் இப்போதே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் தூரத்தில் நின்று பார்க்கட்டும், சில நாள் கழித்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போகட்டும். வேதக்கதை கேட்டான் என்றால் யாத்திராகமம் 4ஐச் சொல்லுங்கள்: மோசேயே பாம்பைக் கண்டு ஓடியிருக்கிறான், அதற்காகத் தேவன் அவனைக் கோபிக்கவில்லை. வகுப்பாசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

பயங்கரக் கனவும் பாய் நனைவதும் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே காத்திருக்காமல் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். காசு இல்லை, யாருடைய கடிதமும் தேவையில்லை. தொலைபேசியில் முதலில் பேச விரும்பினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. புடையன் விஷம் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால், அதே பயணத்தில் வெளிநோயாளர் பிரிவில் டிஸ்சார்ஜ் கார்டைக் காட்டி, சிறுநீரும் இரத்தமும் திரும்பச் சோதிக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நிறம் மாறினாலோ அன்றே போங்கள்.